காருக்குக் காட்டிய கை

தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் தெரியும், அது என்ன பாடு என்று. முன்னால் மலை மாதிரி ஒரு தொட்டி நகரும். மூடி சரியில்லாமல் தளும்புகிற தண்ணீர் முகத்தில் சாரலடிக்கும். தாண்டிப் போகலாம் என்று தலையை நீட்டினால் எதிரே வருவது ஆளா, லாரியா, எமனா ஒன்றும் தெரியாது. ஹாரன் அடித்து அடித்துக் கட்டைவிரல்தான் நோகும்.

ஆனால் எங்கள் கைகாட்டி ஓட்டுகிற லாரிக்குப் பின்னால் யாரும் அப்படித் தவித்ததில்லை. எதிரே ரோடு காலியாக இருந்தால் ஜன்னல் வழியாக அவன் வலது கை வெளியே வரும். 'போ, போ' என்று முன்பக்கமாக ஒரு வீச்சு. பின்னால் இருப்பவன் கண்ணை மூடிக்கொண்டு ஏறிப் போகலாம். எதிரே வண்டி வந்தால் அதே கை உள்ளங்கை கீழே பார்க்க விரிந்து, 'பொறு' என்று சொல்லும். பெரிய வண்டி ஓட்டுகிறவர்களிடையே காலகாலமாக இருக்கிற பழக்கம்தான் இது. எந்தச் சட்டத்திலும் கிடையாது, எந்த டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லித் தருவதில்லை. மற்றவர்கள் மனசு வந்தால் காட்டுவார்கள். இவன் காட்டாமல் இருக்க மாட்டான். அதனால் லாரி ஷெட்டில் அவனுக்குக் கைகாட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அதில் அவனுக்குப் பெருமை தாங்காது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவுவதற்குள் ஆரம்பித்துவிடுவான்.

"இன்னைக்கு ஒரு பைக்காரன், பாவம், பின்னாடி சின்னக் குழந்தையை உட்கார வச்சுக்கிட்டு ரொம்ப நேரமா வந்தான். கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். போகும்போது சல்யூட் அடிச்சுட்டுப் போறான்."

"ரோட்டுல போறவனுக்கெல்லாம் வழி விடறீங்க. குளிக்கிற ரூம்ல இருந்து எனக்கு என்னைக்காவது சீக்கிரம் வழி விட்டிருக்கீங்களா?" என்பாள் அவன் மனைவி.

அவள் வாய் அப்படித்தான். கை மட்டும் வேறு ரகம். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. நடக்க முடியாத நோயாளிகளின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். நரம்பு கிடைக்காமல் மற்றவர்கள் நாலு இடத்தில் குத்துகிற கையில் இவள் ஒரே தடவையில் எடுத்துவிடுவாள். எடுத்து முடித்துப் பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான், "ஏம்மா, குத்திட்டியா?" என்று கேட்பார்கள். அந்த வட்டாரத்தில் அவளை ஊசிக்காரம்மா என்றால்தான் தெரியும். வேறு யாராவது வந்தால், "அந்த அம்மா வரட்டும்" என்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிற கிழவர்கள் உண்டு.

பஸ் ஏறி, சந்து சந்தாக நடந்துதான் முதலில் வேலை பார்த்தாள். பிறகு பரிசோதனைக் கூடத்தில், இனி வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் வெளி வேலை என்று சொல்லிவிட்டார்கள். நாற்பது வயதைத் தாண்டியவளுக்கு அழுகை வந்துவிட்டது. கைகாட்டிதான், "இதுக்குப் போயா? என் பைக் சும்மாதானே நிக்குது. நான் கத்துக்கொடுக்கறேன்" என்றான்.

லாரிகளுக்குத் தண்ணீர் பிடிக்கிற இடத்தை ஒட்டி ஒரு காலி மைதானம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பாடம் நடந்தது. கிளட்சை விடச் சொன்னால் அவள் பிரேக்கைப் பிடித்தாள், பிரேக்கைப் பிடிக்கச் சொன்னால் அவனைப் பிடித்தாள். வண்டி இரண்டு முறை புதருக்குள் போனது. அவன் கத்தினான். "கத்தாதீங்க, நான் ஊசி போடும்போது கத்தறேனா?" என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள். ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் அவன் மசியவில்லை. தலை முடி கலைகிறது என்று அவள் முணுமுணுத்தபோது, "முடி கலைஞ்சா சீவிக்கலாம். மண்டை கலைஞ்சா?" என்று கேட்டுவிட்டுத் தாடைக்குக் கீழே பட்டையை இறுக்கி மாட்டிவிட்டான். பட்டையை மாட்டாத ஹெல்மெட்டும் ஒன்றுதான், தலையில் கவிழ்த்த சட்டியும் ஒன்றுதான் என்பது அவன் கட்சி.

ஒரு நாள் அவளை லாரியில் ஏற்றி டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான். தான் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய்த் தொட்டிக்கு நேர் பின்னால் நின்றான். "கண்ணாடியில என்னைத் தெரியுதா?" என்று அங்கிருந்து சத்தம் போட்டான். அவள் இந்தக் கண்ணாடியைப் பார்த்தாள், அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள், கழுத்தை வளைத்தாள். மைதானம் தெரிந்தது, வேலி தெரிந்தது, புருஷனைக் காணோம்.

"இவ்வளவு பெரிய ஆளு, எங்கங்க போனீங்க?"

"இங்கேயேதான் நிக்கறேன். இப்பப் புரியுதா? பெரிய வண்டிக்குப் பின்னாடி ஒட்டிப் போனா நீ இருக்கறதே அவனுக்குத் தெரியாது. தள்ளிப் போ. அவன் முகம் கண்ணாடியில உனக்குத் தெரியணும். அப்பத்தான் உன் முகம் அவனுக்குத் தெரியும்."

நல்ல பாடம். அதோடு அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினானா? கடைசி நாள், அவள் தனியாக ரோட்டுக்குப் போகப் போகிறாள் என்ற சந்தோஷத்தில் இன்னொன்றும் சொன்னான்.

"லாரிக்காரனோ பஸ்காரனோ கை காட்டினா யோசிக்காதே, உடனே போயிடு. அவன் உயரத்துல உட்கார்ந்திருக்கான். உனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும். நீ தயங்கினாத்தான் ஆபத்து. கையை நம்பு."

அவள் தலையாட்டினாள். கணவன் சொன்னதையெல்லாம் கேட்கிற ரகமில்லை அவள். ரோட்டைப் பற்றி அவன் சொன்னால் மட்டும் மறுபேச்சே கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் அவனுக்கு மிஞ்சி ஆளில்லை என்று மனதார நம்பினாள்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போயிற்று. ரத்தம் எடுத்த குப்பிகள் வைத்த பெட்டியைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு அவள் போகிற அழகை அவனே ஒரு தடவை லாரியிலிருந்து பார்த்தான். அவளுக்கும் கை காட்டினான். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போனாள். அன்றைக்கு லாரி ஷெட்டில் எல்லோரிடமும் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு ஒரு நாள் காலையில் அது நடந்தது. முன்னால் ஒரு பள்ளிக்கூட பஸ். அதற்குப் பின்னால் ஒரு கார். காருக்குப் பின்னால் இவள். பஸ் டிரைவரின் கை வெளியே வந்து வீசியது. கார் ஏறிப் போனது. இவளும் ஏறினாள். பாதி பஸ்ஸைத் தாண்டும்போது எதிரே வளைவிலிருந்து ஒரு சரக்கு வேன் வந்துவிட்டது. கார் தப்பித்துவிட்டது. இவளுக்கு ஒதுங்க இடமில்லை. வேன் பிரேக் அடித்தும் அதன் ஓரம் பைக்கைத் தட்டிவிட்டது. வலது தோள் தரையில் மோத விழுந்தாள்.

ஹெல்மெட் வெடித்திருந்தது, தலைக்கு ஒன்றுமில்லை. "இது மட்டும் இல்லன்னா நாம இப்பப் பேசிட்டு இருக்க மாட்டோம்" என்று டாக்டர் உடைந்த ஹெல்மெட்டைக் காட்டிச் சொன்னார். ஆனால் கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புகள் தோளில் அறுந்திருந்தன. வலது கை துணி மாதிரி தொங்கியது. "வரலாம், வராமலும் போகலாம். பொறுத்துத்தான் பார்க்கணும்" என்றார். ஊசி பிடிக்கிற கை அது.

கண் விழித்ததும் அவள் முதலில் சொன்னது இதுதான். "நானா ஏறலைங்க. பஸ்காரர் கை காட்டினார். அப்புறம்தான் ஏறினேன். நீங்க சொன்ன மாதிரியேதான் போனேன்."

"தெரியும்மா. நீ பேசாதே."

அவளுடைய அண்ணன் ஓடி வந்திருந்தார். எதற்கும் நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கிற ஆள். தங்கை சொன்னதைக் கேட்டதும் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வளைவுல வண்டி வருதான்னு பார்க்காம என் தங்கச்சியைக் கை காட்டி அனுப்பியிருக்கான். இவனை நம்பி ஸ்கூல் பிள்ளைங்களை அனுப்பறாங்க பாருங்க. அவனை விடக்கூடாது மாப்பிள்ளை" என்றார். விடக்கூடாது என்றுதான் கைகாட்டியும் நினைத்தான்.

மறுநாள் அந்த டிரைவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். வயதானவர். பள்ளிக்கூடத்துக் காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வார்டுக்கு வெளியே, குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தயங்கித் தயங்கி நின்றார். யாரென்று தெரிந்ததும் கைகாட்டி சட்டையைப் பிடிக்கத்தான் எழுந்து போனான்.

"அடிக்கணும்னா அடிச்சுடுங்க தம்பி. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை" என்றார் அவர். "நான் காருக்குத்தான் கை காட்டினேன். முன்னாடி வளைவு. ஒரு வண்டி போறதுக்குத்தான் நேரம் இருந்தது. கார் ஏறினதும் கையை உள்ளே இழுத்துட்டேன். காருக்குப் பின்னாடி தங்கச்சி இருந்தது சத்தியமா எனக்குத் தெரியாது. கார் மறைச்சுடுச்சு. நீங்களும் பெரிய வண்டி ஓட்டறவர்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. தெரியாததா? நேரில் பார்த்த மாதிரி தெரிந்தது அவனுக்கு. கண்ணாடியில் கார் இருக்கும். காருக்குப் பின்னால் ஒரு பைக் இருந்தால் பொட்டுக்கூடத் தெரியாது. இவனும் வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியில் தெரிந்தவனுக்குத்தான் கை காட்டியிருக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொருவன் ஒட்டிக்கொண்டு வருகிறானா என்று ஒரு நாளாவது யோசித்தானா? ஒன்றும் ஆகவில்லை, அதனால் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு திரிந்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்னால் நிற்பவனை டிரைவருக்குத் தெரியாது என்று லாரியில் ஏற்றிக் காட்டியவனும் அவன்தான். டிரைவர் கையை நம்பு என்று சொன்னவனும் அவன்தான். ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு பாடத்தையும் ஒரே வாயால் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அவள் இரண்டாவதைக் கேட்டு நடந்திருக்கிறாள்.

"வீட்டுல கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க தம்பி" என்றார் டிரைவர். "கை காட்டினேன், அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா தங்கச்சிக்குக் காட்டினேன்னு சொன்னா, எதிர்ல வண்டி வரும்போது ஆளைப் பிடிச்சுத் தள்ளிவிட்டவன்னு ஆயிடும். ஸ்கூல்ல வச்சுக்க மாட்டாங்க."

"பார்க்கலாம்" என்றான் கைகாட்டி.

பார்த்தானா? பார்க்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். மறுநாள் அவள் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்கு வந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான். வந்த பிறகோ, பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், "இந்த வயசுல இவளுக்குப் பைக் எதுக்கு?" என்று அவள் காதுபடவே பேசினார்கள். "பஸ்காரர் கை காட்டினதாலதான் ஏறினேன்" என்று சொல்லித்தான் அவள் அவர்கள் வாயை அடைத்தாள். அவளுக்கு இருந்த ஒரே பிடி அது. அதைப் பிடுங்கக் கூடாது என்று அவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். உள்ளபடி சொன்னால் அதெல்லாம் சாக்கு. கை அவளுக்கில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, கையை நம்பச் சொன்னது யார் என்று வரும். அதற்குத்தான் பயந்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன் அண்ணன் இவனிடம் வந்து கேட்டார். "நான் போய்ப் பேசப்போறேன். கை காட்டினது நிஜம்தானே மாப்பிள்ளை?"

"நிஜம்தான் மச்சான்" என்றான். பொய் ஒன்றும் சொல்லவில்லை. பாதியைச் சொன்னான். மீதிப் பாதியை மென்று விழுங்கிவிட்டான்.

அந்த வாரமே பஸ் டிரைவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

மாதங்கள் போயின. கைகாட்டி லாரியை ஓட்டினான், கையை மட்டும் வெளியே நீட்டவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கொண்டன. பின்னால் வண்டிகள் வால் மாதிரி நீண்டு, ஹாரன் காதைக் கிழித்தது. தாண்டிப் போகிறவர்கள் அவன் பக்கம் திரும்பி வண்டை வண்டையாகத் திட்டிவிட்டுப் போனார்கள். "என்ன கைகாட்டி, கையில சுளுக்கா?" என்று ஷெட்டில் கேலி செய்தார்கள். அவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இடம் கிடைத்தால் ஓரமாக ஒதுங்கி நிறுத்தி எல்லோரையும் போகவிட்டான். லோடு இறக்கத் தாமதமானதற்கு முதலாளியிடமும் திட்டு வாங்கினான்.

வீட்டில் அவள் இடது கையால் எல்லாவற்றையும் பழகிக்கொண்டிருந்தாள். மேஜையில் ஒரு ரப்பர் குழாயை வைத்து, இடது கையால் ஊசியைச் செருகிப் பார்ப்பாள். குழாய் நழுவி ஓடும். பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். அதுதான் கழுத்தில் கட்டிய துணியில் தூளி மாதிரி தொங்குகிறதே. அவன் குழாயைப் பிடித்துக்கொள்ள வருவான். "நோயாளி வீட்டுக்கெல்லாம் நீங்களும் கூட வரப்போறீங்களா? விடுங்க" என்பாள். பழைய கேலிதான். ஆனால் சொல்லிவிட்டு ஊசியை மூடி வைத்துவிடுவாள்.

ஒரு மத்தியானம் அண்ணன் வந்திருந்தார். டீ குடித்துக்கொண்டே, "அந்த பஸ்காரனைக் காய்கறி மார்க்கெட்ல பார்த்தேன். மூட்டை தூக்கறான். எந்த ஸ்கூல்லயும் சேர்க்கலையாம். நல்லா வேணும்" என்றார்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அந்த வயசுல மூட்டையா? ஐயோ, பாவமே" என்றாள்.

அண்ணன் போனதும் இடது கையால் டம்ளரை எடுத்து வைத்தாள். பிறகு கேட்டாள். "என்னங்க, அவர் எனக்குத்தானே கை காட்டினார்?"

"ஏன், இப்ப என்ன?"

"யோசிச்சுப் பார்த்தா, நான் ஏறும்போது கை வெளியே இல்லையோன்னு தோணுது. ராத்திரியெல்லாம் அதுதான் கண்ணு முன்னாடி வருது. அவரைப் போய்க் கேட்டுட்டா என்ன?"

எத்தனை நாள்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது? "உனக்கில்லை" என்றான் அவன். "முன்னாடி போன காருக்கு. ஆஸ்பத்திரியில வந்து சொன்னார்."

"எப்ப?"

"மறுநாளே."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். கையை நம்பச் சொன்னாயே பாவி என்று கேட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "நான் சொன்னதை வச்சுத்தானே அவர் வேலை போச்சு" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "வண்டியை எடுங்க. அவர் வீட்டுக்குப் போகணும்."

ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டாள். ஹெல்மெட்டை ஒரு கையால் கவிழ்த்துக்கொண்டாள், பட்டையை மாட்ட முடியவில்லை. தாடையைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள். அவன் மாட்டிவிட்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்க்கெட்டிலிருந்து அவர் மூட்டை ஏற்றிய வண்டியோடு வெளியே போயிருந்தார், வீட்டை விசாரித்துப் போனார்கள். ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்தது டிரைவரின் மனைவி. தொங்குகிற கையைப் பார்த்ததும் யாரென்று புரிந்துவிட்டது அந்த அம்மாவுக்கு.

"உள்ளே வாம்மா" என்று ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "கை இன்னும் சரியாகலையா? அவர் வேலைக்குப் போயிருக்கார். தினமும் வந்ததும் உன் கையைப் பத்தித்தான் பேச்சு. யாரைப் போய்க் கேக்கறதுன்னு தெரியாம என்னைக் கேப்பார். எனக்கென்னம்மா தெரியும்?"

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள். "அவர் எனக்குக் கை காட்டலைங்க. முன்னாடி போன காருக்குத்தான் காட்டினார். நான் தப்பா நினைச்சு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

கைகாட்டிக்காக இன்னொரு முக்காலியை எடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மா அப்படியே நின்றார்.

"அதைத்தான்மா அவரும் சொன்னார்" என்றார். "தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னார். அடிபட்ட பிள்ளை பொய் சொல்லுமா, நீங்கதான் பார்க்காம காட்டியிருப்பீங்கன்னு நானே அவரைப் பேசினேன். நானே நம்பலை." குரல் உடைந்துபோயிற்று. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இப்ப உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு ஹெல்மெட்டையும் கையில் பிடித்துக்கொண்டு கைகாட்டி வாசற்படியில் நின்றான். "எனக்கு முதல்லயே தெரியும்க்கா" என்றான். "அவரே வந்து சொன்னார். நான்தான் யார்கிட்டயும் சொல்லலை."

அந்த அம்மா கையிலிருந்த முக்காலியைத் திரும்பவும் சுவரோரம் வைத்துவிட்டு, அவளுக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார்.